வெள்ளைக் கோட்டுப் பாதைகள்

ரயர் உற்பத்தியாற் பெயர்பெற்ற மிஷெலின் நிறுவனம் 1910ஆம் ஆண்டிலிருந்து வெளியிட்டுவரும் பிரான்சு நாட்டு வீதிப்படங்களிலே பெருவீதிகள் செந்நிறக் கோடுகளாலும், அடுத்த நிலை வீதிகள் மஞ்சட் கோடுகளாலும் குறிக்கப்பட்டிருக்கும். இவற்றுக்கிடையே, எளிதிற் கண்ணுக்குப் புலப்படாத வகையில், வெண்ணிறக் கோடுகள் வலைபோலப் பின்னிக் கிடக்கும். மோட்டார் வண்டியிற் செல்பவர் இக்கோடுகளைப் பொருட்படுத்துவதில்லை. துவிச்சக்கர வண்டியில் நெடுந்தூரம் செல்பவரோ படத்தை விரித்ததும் முதலில் தேடுவது இவற்றைத்தான். ஒரு சென்ரிமீற்றர் இரண்டு கிலோமீற்றருக்குச் சமமான அப்படத்தில் விரல் வைத்து, செந்நிறக் கோட்டைக் குறுக்கே கடப்பதன்றி அதன்வழி செல்லாது, ஊரூராகப் பல நாட் பயணத்தை அவர் வகுத்துக்கொள்ளலாம்.

இப்பாதைகள் நேராகச் செல்வதில்லை. ஒரு வயலின் எல்லையைச் சுற்றி, ஓடையொன்றின் கரைவழி இறங்கி, மீண்டும் மேடேறி அடுத்த ஊரை அடைவன. தேவாலயத்தின் கூர்ங்கோபுரம் முதலிலே தெரியும். ஊர் பின்னரே தெரியும். சில ஊர்களில் மணிக்கூண்டு ஒவ்வொரு மணியையும் இருமுறை ஒலிக்கும். வயலில் நிற்பவன் முதன்முறை எண்ணத் தவறினாலும் இரண்டாம் முறை எண்ணிக்கொள்ளட்டும் என்பதே அதன் நோக்கம் என்பர். நண்பகலானதும் கடைகள் அடைபடும். அதற்குள் பாண் வாங்கிக்கொள்ளாதவன் பட்டினியோடு மிதிக்கவேண்டியதுதான். தண்ணீர் வேண்டுமாயின் ஊர்ப்புறத்துச் சேமக்காலையை நாடவேண்டும். கல்லறைப் பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்கென அங்கே ஒரு குழாய் இருக்கும். அந்நீர் குடிக்கத்தக்கதா அன்றா என்று சில இடங்களிற் பலகையும் தொங்கும். இறந்தோரின் வாயிலில் உயிரோடிருப்பவன் தாகந்தீர்த்துச் செல்லும் இவ்வழக்கம் அந்நாட்டு வண்டியோட்டிகளுக்குப் பழகிப்போனது; அதில் எவரும் விந்தை காண்பதில்லை.

இத்தகைய பாதையிற் செல்பவர் எழுதும் பயணக்குறிப்புக்களில் 'இயற்கை' என்ற சொல் மிகுதியாக வரும். அது முற்றிலும் பொருந்துவதன்று. இயற்கை இப்பாதைகளை இடவில்லை. 1836ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதிய சட்டம் ஊர்ப்பாதைகளைப் பேணும் பொறுப்பை ஒவ்வோர் ஊரின்மீதும் சுமத்தியது. பணம் போதாத ஊர், பதினெட்டு வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்ட உடல்வலியுள்ள ஆடவரிடமிருந்து ஆண்டில் மூன்று நாள் வரை உழைப்பைப் பெறலாம். அவர்தம் வண்டிகளையும் இழுவை விலங்குகளையும் அவ்வாறே பெறலாம். உழைக்க விரும்பாதவர் பணமாகச் செலுத்தலாம். கையிற் காசில்லாத குடியானவன் கல்லுடைத்தான், மண் சுமந்தான். இலங்கையில் 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்பைக் கோரியதையும், அவ்வாண்டுக் கிளர்ச்சிக்கு அது ஒரு காரணமானதையும் வரலாறு பயில்வோர் இங்கு நினைவுகூர்வர். பிரெஞ்சுக் குடியானவனும் இக்கடமையை விரும்பி ஏற்றவனல்லன். ஆயினும் அவன் இட்ட பாதை அவனுடைய வயலுக்கும் சந்தைக்குமே சென்றது. 1870க்கும் 1914க்கும் இடையிலேதான் நாட்டுப்புறத்தார் தம்மைப் பிரெஞ்சுக்காரராக உணரத் தொடங்கினர் என்று 1976இல் எழுதிய இயூஜின் வெபர், பள்ளிக்கூடத்தோடும் படைச்சேவையோடும் வீதிகளையும் அதற்குக் காரணமாகக் காட்டினார். அவர் கூறியதில் முரண்படுவோர் உளர். சிற்றூர்ப் பாதை வெறும் மண்வேலையன்று என்பதில் முரண்படுவோர் குறைவு.

வண்டில்மாட்டுக்காக இடப்பட்ட மேட்டுப்பாதையில் மனிதன் தன் காலால் ஏறுவதெப்படி என்ற வினாவுக்கு விடைதேடியவர்களுள் ஒருவர் சென்-எத்தியென் நகரத்துப் போல் டி விவி (1853–1930). பட்டு வாணிகத்தை விட்டுத் துவிச்சக்கர வண்டி வாணிகத்துக்கு மாறிய அவர், 1887இல் ஒரு சஞ்சிகையையும் தொடங்கி 'வெலோசியோ' என்னும் புனைபெயரில் எழுதினார். நகரை அடுத்து 1,161 மீற்றர் உயரத்திலுள்ள கணவாயே அவருடைய ஆய்வுகூடம். ஒரே பற்சில்லோடு அம்மேட்டில் ஏறுவது வீரமாகலாம், அறிவாகாது என்பது அவர் கொள்கை; ஏற்றத்துக்கு ஒன்றும் இறக்கத்துக்கு ஒன்றுமாகப் பற்சில்லை மாற்றவேண்டும் என்று ஓயாது வாதாடினார். 1903இல் 'தூர் டி பிரான்ஸ்' ஓட்டப்போட்டியைத் தொடக்கிய ஹென்றி தெகிராஞ்ச் இதனை ஏற்றாரல்லர். மாற்றுப் பற்சில்லு நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்க்கே உரியது என்பது அவர் கருத்து. சங்கிலியைப் பற்சில்லுக்குப் பற்சில்லு நகர்த்தும் பொறிக்கு அப்போட்டியில் 1937 வரை இடமில்லை. இன்று உலகெங்கும் பேசப்படுபவர் தெகிராஞ்சே. ஆனால் அறுபது வயது ஆசிரியை ஒருத்தி மலைப்பாதையில் மூச்சுவாங்காது ஏறுகிறாளென்றால் அதற்குக் கடமைப்பட்டவர் வெலோசியோ. போட்டியாளன் கண்டது முன்னாற் செல்பவனின் பின்சில்லை. ஊரைக் காணும் வேகத்தை விரும்பியவர் இம்மனிதர்.

அவ்வேகத்திற் செல்பவர் கண்ணுக்கு ஊர் தன்னை மறைத்துக்கொள்வதில்லை. ஏறத்தாழ 35,000 ஊராட்சிகளைக் கொண்ட அந்நாட்டில், போர் நினைவுக்கல் இல்லாத ஊர் அரிது. முதலாம் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சுப் படையினர் ஏறத்தாழ 14 இலட்சம் பேர். முப்பது வீடுகளே உள்ள ஊரின் கல்லில் இருபது பெயர்கள் இருக்கும். ஒரே குடும்பப் பெயர் மும்முறை வரும். வண்டியை மதிலிற் சாத்திவிட்டு அப்பெயர்களை வாசிப்பவர் பின் தலைநிமிர்ந்து வீடுகளைப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட யன்னற் கதவுகள் மூடியிருப்பதைக் காண்பார். போர் தொடக்கியதைப் பொறிகள் முடித்தன. 1946இல் அந்நாட்டு உழைப்பாளருள் மூவரில் ஒருவர் வேளாண்மையில் இருந்தார். இன்று நூற்றுக்கு மூவரளவிலேயே இருக்கின்றனர். ஹென்றி மென்ட்றாஸ் 1967இல் தம் நூலுக்குக் 'குடியானவரின் முடிவு' என்று பெயரிட்டபோது அது மிகையெனத் தோன்றியிருக்கலாம். வடகிழக்கே மியூஸ் நதிப் பகுதியிலிருந்து தென்மேற்கே லாந் பகுதிவரை செல்லும் குறைசனப் பரப்பைப் 'வெறுமையின் மூலைவிட்டம்' என்று இன்று புவியியலாளர் வழங்குவர். துவிச்சக்கர வண்டியோட்டிகள் பெரிதும் புகழும் அமைதியான பாதைகள் பல அப்பரப்பிலேயே உள்ளன.

இங்கேதான் நெருடல். மணிக்கணக்காக ஒரு மோட்டார் வண்டியும் எதிர்ப்படாத பாதையை வண்டியோட்டி பேறெனக் கருதுகிறார். அப்பேறு, பாண்கடையை மூடிவிட்டுப் போனவனும் பள்ளிக்கூடம் இல்லாமையாற் பிள்ளைகளோடு நகருக்குக் குடிபெயர்ந்தவளும் விட்டுச்சென்றது. இதற்காக அவர் மிதிக்காமலிருக்க வேண்டுமென்பதில்லை. அவர் வராவிட்டால் எஞ்சிய கோப்பிக்கடையும் மூடப்படும். எனினும், வெறுமையை அழகென்று மட்டும் எழுதுவது அரைகுறைப் பார்வையே.

அரசும் உள்ளூராட்சியும் செய்தவை வேறு. சோன்-லுவார் மாவட்டத்தில் ஷிவ்றிக்கும் குளூனிக்கும் இடையே கைவிடப்பட்ட புகையிரதப் பாதையில் தார் இட்டு, 1997இல் நாட்டின் முதலாவது 'பசுமைவழி'யைத் திறந்தனர், 44 கிலோமீற்றர். புகையிரதம் பெருஞ்சரிவில் ஏறாதாகையாற் குழந்தைகளும் அதிற் செல்வர். குளூனிக்குத் தெற்கே அப்பாதை 1.6 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தினூடாகச் செல்கிறது. குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அச்சுரங்கத்தை அடைத்துவிடுவர். ஏற்பாடுகள் சிறந்தவை, ஐயமில்லை. ஆயின் புகையிரதப் பாதை ஊரை ஒதுங்கிச் செல்வது. பழைய வெள்ளைக் கோடு சமையலறை யன்னலுக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவே செல்வது. முன்னதில் மனிதர் பாதுகாப்பாகச் செல்வர்; பின்னதில் மனிதரைச் சந்திப்பர்.

நான்கு ஆண்டுகளுக்கொருமுறை நிகழும் பரிஸ்–பிறெஸ்ற்–பரிஸ் நெடும்பயணத்தில் இச்சந்திப்பைக் காணலாம். 1891இல் போட்டியாகத் தொடங்கிய இது இன்று பரிசில்லாத பயணம். 1,200 கிலோமீற்றரைத் தொண்ணூறு மணித்தியாலங்களுள் முடிக்கவேண்டும். உலகின் பல நாடுகளிலிருந்தும் வரும் ஆயிரக்கணக்கானோர் இரவிரவாகச் சிற்றூர்களைக் கடப்பர். அவ்வூரார் வாசலில் மேசையிட்டு, விளக்கேற்றி, கோப்பியும் அப்பமும் வைத்துக் காத்திருப்பர். பாதையோரக் குடும்பமொன்று பல்லாண்டாக இவ்வாறு இரவு முழுவதும் விழித்திருந்து பசியாற்றி வருகிறது. பணம் கொடுத்தால் வாங்குவதில்லை. ஊர் திரும்பியதும் உங்கள் நாட்டிலிருந்து ஓர் அஞ்சலட்டை அனுப்புங்கள் என்று மட்டும் கேட்கிறார்கள். வந்த அட்டைகளைப் பலகைகளில் ஒட்டி, அடுத்த முறை வருவோர் காணும்படி வாசலில் வைக்கிறார்கள்.