ஓர்வியெட்டோவில் ஓர் இரவு

ரோமில் இருக்கப்போவது ஆறு நாள். அதில் ஒரே ஓர் இரவை மட்டும் வெளியே ஏதேனும் ஒரு மலையூரில் கழிப்பது என்று முடிவாயிற்று. எந்த ஊர் என்பதில்தான் மூன்று வாரமாக வீட்டில் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

நடு இத்தாலியில் குன்றுக்கு ஓர் ஊர். பகைவருக்கும் தாழ்நிலத்துக் காய்ச்சலுக்கும் அஞ்சி மேலேறியவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இப்போது பகல் முழுதும் பேருந்துகளில் வந்திறங்குகிற கூட்டம் அந்தத் தெருக்களை நிறைக்கிறது; மாலையானால் வடிந்துவிடுகிறது. விளக்கேற்றிய பிறகு ஊர் தன் மக்களிடம் திரும்புகிற அந்தச் சில மணி நேரத்துக்காகவே ஓர் இரவு தங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறேன்.

மனைவிக்கு வலது முழங்காலில் அறுவை செய்ய நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு நடக்க முடியும் என்பதை எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆகவே ஊர்களை நாங்கள் படிகளை எண்ணித்தான் வரிசைப்படுத்துகிறோம். பதினான்கு கோபுரங்கள் எஞ்சி நிற்கும் சான் ஜிமின்யானோவுக்கு ரயிலே கிடையாது. அரிப்பில் உதிர்ந்துகொண்டிருக்கும் சிவிதாவுக்குள் போக, பள்ளத்தாக்கின் மேல் செல்லும் நீண்ட நடைபாலம் ஒன்றே வழி. அதன் கடைசிப் பகுதி செங்குத்தான ஏற்றம். புகைப்படத்தைப் பார்த்ததும் அவளே அதை அடித்துவிட்டாள். அவளுடைய கட்சி அசிசி. பிரான்சிஸ் மேல் அவளுக்குள்ள பற்று அப்படி. என்னுடைய கட்சி ஓர்வியெட்டோ.

ரோமிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். எரிமலைச் சாம்பல் இறுகிய பாறைத் திட்டின் உச்சியில் ஊர் இருக்கிறது; நிலையமோ அடிவாரத்தில். நிலைய வாசலிலிருந்து மேலே போகும் வண்டியைப் பழநி மலையில் விஞ்ச் ஏறியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1888-இல் நீரின் எடையால் இயங்கத் தொடங்கியது, இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது. என் வாதத்தில் இதுவே வலுவான சான்று.

ஆனால் நான் போக விரும்புவது லூகா சின்யொரெல்லிக்காக. 1290-இல் அடிக்கல் நாட்டப்பட்ட பேராலயத்தினுள் சான் ப்ரிஸ்யோ என்றொரு சிற்றாலயம். ஃப்ரா ஆஞ்செலிகோ 1447-இல் அதன் கூரையில் தொடங்கிப் பாதியில் விட்டுப்போன வேலையை, அரை நூற்றாண்டுக்குப் பின் 1499-இல் சின்யொரெல்லி ஏற்றார். உலகின் முடிவை அந்தச் சுவர்களில் எழுதினார். போலிக் கிறிஸ்து பேசுகிறான். காதருகே சாத்தான் சொல்லிக்கொடுக்கிறான். ஓரமாகக் கறுப்பு உடையில் ஓவியரே நின்று பார்க்கிறார், பக்கத்தில் ஃப்ரா ஆஞ்செலிகோ. அடுத்த சுவரில் இறந்தவர்கள் எழுகிறார்கள். பறந்து வரவில்லை, இடுப்பளவு மண்ணில் புதைந்து, தரையில் கையூன்றி, உந்தி, மெல்ல மெல்ல உடலை வெளியே இழுக்கிறார்கள். நூலகப் புத்தகத்தின் மங்கலான அச்சில் அதைக் காட்டியபோது மனைவி வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் காலையில் எழுந்திருக்கிற மாதிரியே இருக்கிறது" என்றாள். வழக்கு அன்றே பாதி தீர்ந்தது.

ஃப்ராய்டுக்கும் இந்தச் சுவர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1897-இல் இவற்றைப் பார்த்தவர், அடுத்த ஆண்டு ஹெர்ஸகோவினாவில் உடன் பயணம் செய்தவரிடம் இதைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது ஓவியரின் பெயர் வரவில்லை. போத்திசெல்லி வந்தது, போல்த்ராஃபியோ வந்தது, சின்யொரெல்லி வரவில்லை. தன் நோயாளி ஒருவரின் தற்கொலைச் செய்தியை மனத்தின் அடியில் அழுத்தப் போய், அதனோடு இந்தப் பெயரும் அமிழ்ந்துவிட்டது என்பது அவருடைய விளக்கம். பெயர் மறப்பதற்கு வயதே போதும் என்றேன் நான். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டுதான் என்று மனைவி என் வாயை அடைத்தாள்.

இனி நேரக் கணக்கு. ஆலய முகப்பு மேற்கு பார்த்தது. பொன்பதித்த மொசைக் பிற்பகல் வெயிலில்தான் ஒளிரும். ஆகவே நண்பகலுக்குள் போய், முதலில் சுவரோவியங்கள், பிறகு வாசலில் சாவகாசமாக உட்கார்ந்து முகப்பு. மறுநாள் காலை புனித பாட்ரிக் கிணறு. 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி இங்கு ஒதுங்கிய போப் ஏழாம் க்ளெமெண்ட், முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று அஞ்சித் தோண்டச் சொன்னது. 1537-இல் வேலை முடிந்தபோது அவர் உயிரோடில்லை. ஒன்றையொன்று தொடாத இரு சுழல் வழிகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். தண்ணீர் சுமந்த கழுதைகள் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறும், எதிர்ப்படவே மாட்டா. மனைவி மேலேயே இருப்பாள். அடியில் நின்று நான் கூப்பிட்டால் கேட்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

தங்குமிடம்தான் இன்னும் முடியவில்லை. பழைய கட்டடங்கள், பலவற்றில் லிஃப்ட் கிடையாது. படிகள் எத்தனை என்று நான்கு விடுதிகளுக்கு எழுதிக் கேட்டேன். நால்வரும் "கொஞ்சந்தான்" என்று பதில் எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் என்றால் எத்தனை என்று இன்று காலை மறுபடியும் எழுதியிருக்கிறேன்.