கல்மதிலுக்குள் ஒரு முத்திரை

அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் முழங்கையை மடித்து நீட்டிய கரம்போல் கிடக்கும் கேப் காட் என்னும் நிலப்பகுதியின் தோளருகே, அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில், ஃபால்மத் என்றோர் ஊர் இருக்கிறது. அவ்வூரின் வட பகுதியிலிருந்து உட்ஸ் ஹோல் துறைமுகம் வரையில், 1872இல் ரயில் வந்த தடத்தின்மேல், தண்டவாளங்களை அகற்றிவிட்டுச் சுமார் 17 கிலோமீட்டர் தூரத்துக்குச் சைக்கிள் பாதை ஒன்றை அமைத்திருக்கிறார்கள். அதே ஊரில் 1859இல் பிறந்த காதரின் லீ பேட்ஸ் என்ற கவி இயற்றிய, அத்தேசத்தார் தேசிய கீதத்துக்கு நிகராகப் போற்றும் பாடலிலிருந்து எடுத்த ‘ஷைனிங் ஸீ’ என்ற பெயரே அப்பாதைக்கு வழங்குகிறது.

காற்றுக்காகவும் காட்சிக்காகவும் அங்கே வருகிறவர்கள் அநேகர். நான் சென்றதோ, பாதையோரத்துக் கல்மதில்களிலும் மரப்பொந்துகளிலும் சிறு பெட்டிகளை மறைத்து, அவற்றுள் தம் கையால் செதுக்கிய ரப்பர் முத்திரையொன்றையும் குறிப்பேடொன்றையும் வைத்துச் செல்லும் சிலருடைய வேலையை அருகிருந்து பார்ப்பதற்காக. லெட்டர்பாக்ஸிங் என்று அதற்குப் பெயர். பெட்டியை வைத்தவர், அதை அடையும் மார்க்கத்தைப் புதிர்போல் எழுதி வெளியிடுவார். அதைப் பின்பற்றித் தேடி வந்தவர், பெட்டியிலுள்ள முத்திரையைத் தம் ஏட்டில் பதித்துக்கொண்டு, தாம் செதுக்கிவைத்திருக்கும் சொந்த முத்திரையைப் பெட்டியின் ஏட்டில் பதித்து, தேதியிட்டு, இருந்த இடத்திலேயே இருந்தபடியே அதை மறைத்துவிட்டுப் போகவேண்டும். பரிசோ பந்தயமோ இதில் இல்லை. தம் இயற்பெயரைக்கூடப் பெரும்பாலோர் எழுதுவதில்லை, புனைபெயரோடு சரி.

இதன் பூர்வீகம் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலம். 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, நடந்தே சென்று சேரவேண்டிய கிரான்மியர் குளம் என்ற ஏகாந்தமான இடத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்து, அவ்வளவு தூரம் வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் இட்டுச் செல்லும்படி ஏற்பாடு செய்தார். பிற்காலத்தில் வந்தவர்கள் தம் விலாசமிட்ட தபால் கார்டை அங்கே விட்டுச் செல்ல, அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்க்கும் வழக்கம் உண்டாயிற்று. அமெரிக்காவில் இது பரவலாக அறிமுகமானது 1998இல் ஸ்மித்ஸோனியன் பத்திரிகையில் வெளிவந்த ஒரு கட்டுரையினால்தான்.

எனக்கு வழிகாட்ட இசைந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். முதல் நாள் மாலை தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே அவர் வேலையைத் தொடங்கினார். ஆதியில் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரில்தான் செதுக்கினார்களாம். இப்போது அச்சுக்கலைஞர்களுக்கென விற்கும் மிருதுவான இளஞ்சிவப்பு ரப்பர்ப் பலகை கிடைக்கிறது. மெல்லிய நகல் தாளில் பென்சிலால் சித்திரத்தை எழுதி, அதை ரப்பரின்மேல் குப்புற வைத்து, கரண்டியின் பின்புறத்தால் தேய்க்கிறார். சித்திரம் இடம் வலமாக மாறி ரப்பரில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே அச்சில் அது நேராகிவிடுகிறது. பிறகு வாய் குறுகிய உளியால் கோடுகளின் ஓரத்தைக் குடையத் தொடங்கினார். வளைவான இடங்களில் அவர் உளியைத் திருப்பவே இல்லை; இடது கையால் ரப்பரைத்தான் சுற்றிக்கொண்டு போனார்.

“கோட்டுக்கு அடியில் ஒருபோதும் குடையாதீர்கள், கோட்டின் அடி அகன்றும் நுனி ஒடுங்கியும் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் நாலு பேர் அழுத்துவதற்குள் அது மடிந்து ஒடிந்துவிடும்” என்றார். மைத்திண்டின்மேல் முத்திரையை வைத்து அழுத்துவதையும் அவர் அனுமதிப்பதில்லை. முத்திரையை மல்லாத்திப் பிடித்து, திண்டால் அதை மெல்லத் தட்டவேண்டும்; அப்பொழுதுதான் மை பள்ளங்களில் இறங்காமல் மேடுகளில் மட்டும் நிற்கும். முதல் அச்சைப் பார்த்து, வானம் வரவேண்டிய வெற்றிடத்தில் தெரிந்த மைத்துளிகளைத் தேடித் தேடி அவர் மறுபடியும் குடைந்த சிரத்தையைக் கண்டபோது, இதை வெறும் பொழுதுபோக்கென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்று அவர் செதுக்கியது, நம் பறவை நூல்கள் விரால் அடிப்பான் என்று குறிப்பிடும் மீன்பிடிப் பருந்தை. பிடித்த மீனை அது தலை முன்னே இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு பறக்கும் என்பதால், சித்திரத்திலும் மீன் அவ்வாறே இருந்தது. டி.டி.டி. என்ற பூச்சிமருந்தினால் முட்டையின் ஓடு மெலிந்து நசுங்கி, இந்தக் கரையோரத்தில் அருகிப்போன பறவை அது. அம்மருந்தின் கேட்டை 1962இல் ‘ஸைலன்ட் ஸ்பிரிங்’ என்ற நூலால் உலகுக்கு எடுத்துரைத்த ரேச்சல் கார்ஸன், இளம்வயதில் 1929இல் ஆராய்ச்சிக்காக வந்து தங்கியது இதே உட்ஸ் ஹோலில்தான். 1972இல் அமெரிக்கா அம்மருந்தை விலக்கிய பின் பறவைகள் திரும்பி வந்தன. ஆசிரியை முத்திரைக்கு இப்பறவையைத் தேர்ந்த காரணம் இதுவே.

மறுநாள் காலை, வடகோடியிலிருந்து சைக்கிளில் புறப்பட்டோம். படகு பழுதுபார்த்து ஜீவித்த முதியவர் ஒருவரும் எங்களுடன் வந்தார். பெட்டிகளைப் பராமரிப்பது அவர் பொறுப்பு. செப்டம்பர் மாதம். கிரான்பெர்ரி வயல்களைத் தாண்டி, சிப்பிவிஸெட் என்ற உப்புச் சதுப்பின் ஓரமாகப் பாதை சென்றபோது, கோரைப்புல் வெளியில் நட்டிருந்த கம்பங்களின் உச்சியில் அப்பருந்துகளின் சுள்ளிக் கூடுகளையும் கண்டோம். நாங்கள் நாடிய பெட்டிக்குரிய குறிப்பு இவ்வளவுதான்: பாலம் கடந்ததும் வலப்புறம் இரட்டை ஓக் மரம், அங்கிருந்து திசைகாட்டியில் 140 பாகை, 20 அடி நடை, மதிலில் வெண்ணிறப் படிகக்கல். எந்தப் பாலம் என்று நான் எழுதமாட்டேன். அதை எழுதுவது அவர்களுடைய தர்மத்துக்கு விரோதம்.

பனியாறு உருட்டி வந்து விட்ட கற்களை, நிலத்தை உழுத பழைய குடியானவர்கள் பொறுக்கி அடுக்கிய மதில்கள் அவை. முதியவர் படிகக்கல்லை அகற்றி, மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தார். உள்ளே இரட்டைப் பையில் ஏடு. மழை எப்படியோ புகுந்து, தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் சிறிதும் சலித்துக்கொள்ளாமல், ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காற்றில் காட்டி, கரையாமல் எஞ்சிய பதிவுகளைப் புதிய ஏட்டின் முன்பக்கத்தில் ஒட்டினார். பழைய முத்திரையைத் துடைத்து எடுத்துக்கொண்டு, புதியதை வைத்தார். ஒரு குழந்தை செதுக்கிய கோணலான ஆமையும், தேர்ந்த கையொன்றின் பாய்மரக் கப்பலும் அந்த ஏட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஆமையை ஒட்டுவதில் அவர் அதிக நேரம் செலவிட்டார்.

எங்கே ஒளிப்பது என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மணல்மேட்டுப் புல்லை மிதிக்கும்படியான இடம் ஆகாது. மூன்று மூன்று இலையாய்ப் படர்ந்து தோலைப் புண்ணாக்கும் பாய்ஸன் ஐவியும், மான் உண்ணி ஏறும் உயர்ந்த புதரும் ஆகா. குழி தோண்டவே கூடாது. தேடுபவருடைய தேகத்துக்கும் தேடப்படும் நிலத்துக்கும் தீங்கில்லாத இடத்தைக் காண, பெட்டி வைப்பவர் பாதையைப் பல பருவங்களில் நடந்து பார்த்திருக்கவேண்டும். செயற்கைக்கோள் வழிகாட்ட ஒளித்த பொருளை எடுக்கும் ஜியோகேஷிங் என்ற விளையாட்டு 2000க்குப் பிறகு எங்கும் பெருகிவிட்டது. அதில் நான் குறை காணவில்லை. ஆனால் மனிதன் மரத்தையும் கல்லையும் பார்த்து எழுதிய வழியை இன்னொரு மனிதன் வாசித்து நடப்பதும், கையால் செதுக்கியதற்குக் கையால் செதுக்கியதையே பிரதியாக வைப்பதும் அதைவிட மேலானவை என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தக் கரையோரம் செல்லும் வாய்ப்பு வாசகர்களுக்குக் கிடைத்தால், கடையில் வாங்கிய முத்திரையோடு போகவேண்டாம். கோணலாக வந்தாலும் சொந்தமாக ஒன்றைச் செதுக்கிக்கொண்டு போங்கள். கூடவே உலர்ந்த ஏடொன்றையும் நல்ல பையொன்றையும் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் திறக்கும் பெட்டி நனைந்திருக்கக்கூடும்.