எழுபதும் அறுபத்தெட்டும்

விளையாட்டுச் செய்திகளில் வென்றவரின் பெயர் பெரிய எழுத்தில் வரும். தோற்றவரின் பெயர் ஒரு வரியில் மறைந்துவிடும். ஆனால், தாம் தோற்ற ஓர் ஆட்டத்தாலேயே உலகறிந்தவர் ஆனார், பிரெஞ்சு டென்னிஸ் வீரர் நிக்கோலா மஹு.

அவர் 1982ஆம் ஆண்டு ஆஞ்சே நகரில் பிறந்தார். 2000ஆம் ஆண்டில் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். பத்தாண்டுகளுக்குப் பின், 2010ஆம் ஆண்டுக் கோடையில் அவரது உலகத் தரவரிசை 148. அந்த நிலையில் இருந்த அவர், தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்றால்தான் விம்பிள்டனில் நுழைய முடியும். அவற்றுள் ஒன்றின் கடைசி செட்டை 24-22 என்ற கணக்கில் போராடி வென்றார்.

ஜூன் 22 அன்று, 18ஆம் எண் ஆடுகளத்தில் அமெரிக்க வீரர் ஜான் இஸ்னரை முதல் சுற்றில் எதிர்கொண்டார். இருவரும் இரண்டிரண்டு செட்டுகள் பெற்றிருந்த நிலையில் இருள் சூழ்ந்தது; ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளப்பட்டது.

அக்காலத்தில் விம்பிள்டனின் ஐந்தாம் செட்டுக்கு எல்லை இல்லை. ஒருவர் இரண்டு கேம் முன்னிலை பெறும்வரை ஆடியாக வேண்டும். இருவரின் சர்வீசும் வலிமை மிக்கது. எனவே, அவரவர் சர்வீசில் அவரவரே வென்றனர். 47-47 ஆனபோது மின்னணு எண்பலகை நின்றுவிட்டது. அதற்கு மேற்பட்ட எண் வருமென்று அதை அமைத்தவர்கள் எண்ணியிருக்கவில்லை! 59-59 ஆனபோது மீண்டும் இருட்டியது.

அந்தச் செட்டில் முதலில் சர்வீஸ் செய்தவர் இஸ்னர். ஆகவே 4-5 என்ற நிலை முதற்கொண்டு, மஹு தமது சர்வீசில் ஒரு கேமை இழந்தாலும் ஆட்டமே முடிந்துவிடும். அவ்வாறு தோல்வியின் விளிம்பில் நின்று அவர் 64 முறை மீண்டார். 65ஆம் முறை, ஜூன் 24 அன்று, அவரால் இயலவில்லை. கணக்கு 70-68. மொத்தம் 11 மணி 5 நிமிடம், 183 கேம்கள். டென்னிஸ் வரலாற்றின் மிக நீண்ட ஆட்டம் அதுவே. இஸ்னர் பெற்ற புள்ளிகள் 478. மஹு பெற்றவை 502. மிகுதியான புள்ளிகளைப் பெற்றவரே தோற்றார்.

துண்டால் தலையை மூடியபடி அவர் இருக்கையில் அமர்ந்திருந்தார். எனினும் அன்று மாலையே இரட்டையர் ஆட்டத்துக்காக மீண்டும் களமிறங்கினார்.

மூன்றாண்டுகள் கழிந்தன. 2013இல் தரவரிசையில் 240ஆம் இடத்துக்குச் சரிந்திருந்தபோதுதான், நெதர்லாந்தில் தமது முதல் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது 31. ஒற்றையரில் அவர் எட்டிய மிக உயர்ந்த இடம் 37. இரட்டையரிலோ 2016இல் உலகின் முதலிடத்தையே அடைந்தார். பியர்-ஹியூக் எர்பேருடன் இணைந்து, நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளிலும் பட்டம் வென்றார். அவற்றுள் ஒன்று, அன்று அவர் தோற்ற அதே விம்பிள்டன்.

இன்று அத்தகைய நெடிய ஆட்டம் நிகழ வழியில்லை. ஐந்தாம் செட் 6-6 ஆனதும் டை-பிரேக் முறையில் முடிவு காணப்படுகிறது. 18ஆம் ஆடுகளத்தின் சுவரில் மட்டும் அந்த மூன்று நாள்களை நினைவூட்டும் பலகை ஒன்று உள்ளது. அதில் வென்றவரின் பெயரோடு தோற்றவரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

சிந்தித்து எழுதுக
1. மிகுதியான புள்ளிகள் பெற்றும் மஹு தோற்றது எவ்வாறு?
2. தோற்ற அன்று மாலையே அவர் மீண்டும் களமிறங்கியதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?