நாடியும் ஒரு துளியும்

பெருமை எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் நுழையும் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்குள் அது ஒரு கைக்கடிகாரம் வழியாக நுழைந்தது.

நாங்கள் இருவரும் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். நாற்பதுகளின் நடுவில் இருப்பவர்கள். எங்களில் ஓடுகிறவர் அவர். ஐந்து ஆண்டுகளாகப் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் விடிகாலையில் ஓடிவருகிறார். ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு என்பார்கள். அவருடைய கடிகாரம் 54 காட்டியது. சென்ற ஆண்டு அது 46 ஆயிற்று, பிறகு 44. நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தை வெளியேற்றுகிறது. ஆகவே குறைவாகத் துடித்தாலும் போதும். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஹென்ஷன், பனிச்சறுக்கு வீரர்களின் இதயம் பெரிதாக இருப்பதை 1899-இலேயே மார்பைத் தட்டிப் பார்த்துக் கண்டறிந்து எழுதியிருக்கிறார். இவற்றையெல்லாம் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்தவர்களிடம் அந்த எண்ணைச் சொல்லி மகிழவும் தொடங்கினோம்.

தலைசுற்றல் பின்னால் வந்தது. கட்டிலைவிட்டு எழும்போது, மாடிப்படி ஏறும்போது, ஒருமுறை வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அளவுக்கு. தண்ணீர் போதாது என்றோம். பங்குனி வெயில்மீது பழி போட்டோம். ஒரு விடியலில் குளியலறை வாசலில் விழுந்தார். நெற்றியில் நான்கு தையல்கள்.

“ஓடுகிறவர்தானே, நாடி அப்படித்தான் இருக்கும்” என்றார் முதலில் பார்த்த மருத்துவர். எங்களுக்கும் அந்தப் பதிலே வேண்டியிருந்தது. இரண்டாமவர் ஒப்புக்கொள்ளவில்லை. நாடி மெதுவாக இருப்பது மட்டும் என்றால் விட்டுவிடலாம், தலைசுற்றலும் உடன் வந்தால் விடக்கூடாது என்றார். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இரத்த அழுத்தம் பார்த்தார். தைராய்டு, இரத்தத்தில் உப்புகளின் அளவு எல்லாம் சரியாக இருந்தன. இருபத்துநான்கு மணி நேரம் ஹோல்டர் கருவியை மார்பில் கட்டி அனுப்பினார். உறக்கத்தில் துடிப்பு 33 வரை இறங்கியிருந்தது. பேஸ்மேக்கர் என்ற சொல் முதன்முறையாக எங்கள் உரையாடலுக்குள் வந்தது. அன்றிரவு உறங்கவில்லை. மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலான வெளியில் காத்துக் கிடந்தோம்.

மறுநாள் மருத்துவர் மீண்டும் கேட்டார்: “மருந்து எதுவும் எடுத்துக்கொள்வதில்லையே?”

இல்லை என்றோம், மூன்றாவது முறையாக.

“கண்ணில், மூக்கில் விட்டுக்கொள்வது?”

பத்து மாதங்களாகக் காலையும் இரவும் கண்ணில் ஒரு துளி. கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால். பீட்டா தடுப்பான் வகையைச் சேர்ந்தது. இதயத் துடிப்பைக் குறைப்பது அந்த வகையின் இயல்பு. கண்ணில் விட்ட துளியில் ஒரு பகுதி, உள்மூலையிலுள்ள கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேரே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. விழுங்கும் மாத்திரை முதலில் கல்லீரலைக் கடந்தாக வேண்டும். அங்கே அதன் வீரியம் குறையும். துளிக்கு அந்தச் சுங்கச்சாவடி இல்லை.

அதை நாங்களாக நிறுத்திவிடக் கூடாது, அழுத்தம் ஏறினால் இழந்த பார்வை திரும்பாது என்று எச்சரித்துக் கண் மருத்துவரிடமே அனுப்பினார். அவர் வேறு வகைத் துளிக்கு மாற்றினார். மூன்று வாரங்களில் தலைசுற்றல் நின்றது.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துகிறோம். ஆயினும் மருந்து என்றால் வாய்வழி போவது என்ற எண்ணம் எங்கள் இருவருக்குள்ளும் அசையாமல் இருந்திருக்கிறது. அந்தத் துளிமருந்தின் அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் நாடி குறைவது, தலைசுற்றுவது இரண்டும் அச்சிடப்பட்டிருந்தன. ஒரு சொல்லுக்கு நான்கு உரைகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி மாணவர்களை வருத்துகிற நாங்கள், அந்தத் தாளைப் பிரிக்கவே இல்லை. 44 என்ற எண்ணை உழைப்பின் கூலி என்று வாசித்துவிட்டோம். அவ்வாசிப்பு எங்களுக்கு இனித்தது. அதனால் வேறு வாசிப்பைத் தேடவில்லை.

இப்போது நாடி 53. துளி விட்டபின் கண்ணை மூடி, உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அருகில் அமர்ந்து நேரம் பார்க்கிறோம். அதன் பிறகுதான் ஓட்டம்.