மெருகுக்கு அடியில்

பழுதுற்ற பொருளைச் செப்பனிடுவோர் இருவகையினர். பழுதை நீக்குவோர் ஒரு வகை. பழுதை மறைப்போர் மற்றொரு வகை. வேலை முடிந்த அன்று இருவர் கைப்பொருளும் ஒன்றுபோலவே ஒளிரும். வேறுபாட்டைக் காலமே காட்டும். சுவடிப் பதிப்பைப் பற்றி வகுப்பறையில் நாம் பல்லாண்டுகளாகக் கூறிவரும் இக்கருத்து, நம் தந்தையார் விட்டுச்சென்ற மகிழுந்தைச் செப்பனிட்டபோது கண்முன் மெய்யாயிற்று.

அது 1972ஆம் ஆண்டின் அம்பாசிடர், மார்க் 2. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் உருவாக்கிய இவ்வகை வண்டியின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. தோல் வணிகரான நம் தந்தையார் 1986இல் அதனைப் பழைய வண்டியாக வாங்கித் தம் விருப்பப்படி மாற்றியமைத்தார். மேற்பாதிக்குப் பாலாடை நிறம்; கீழ்ப்பாதிக்குக் கரும்பச்சை; இரு நிறங்களும் கூடும் எல்லையில் பக்கத்திற்கு மூன்றாக ஆறு குரோம் பீடிங்குகள்; இருக்கைகளுக்கு ஆம்பூர்த் தோலுறை. அவர் மறைந்தபின் அவ்வண்டி கொட்டகையிலேயே நின்று துருவேறியது.

நம் அக்காள் மகளுக்கு நவம்பரில் திருமணம் உறுதியாயிற்று. "நன்னாவின் வண்டியில்தான் மண்டபத்துக்குப் போவேன்" என்பது அவளது நெடுநாள் ஆசை. ஆகஸ்டு மாதத்தில் வண்டியை அறுபது வயது கடந்த பெயின்டர் மேஸ்திரி ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவர் கதவுகளின் அடிப்புறத்தையும் முன்கண்ணாடி ரப்பரின் ஓரத்தையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். "துரு மேல பட்டி வெச்சா கல்யாணத்துக்கு நல்லாத்தான் இருக்கும் சார், அடுத்த மழைக்குக் கொப்புளம் விட்டுடும். தகடு வரைக்கும் சுரண்டணும். நவம்பருக்கு முடியாது" என்றார்.

வீட்டில் கருத்து இரண்டுபட்டது. பிள்ளையின் ஆசை பெரிதா, தகட்டின் துரு பெரிதா என்று அண்ணன் கேட்டார். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. நம் அன்னையார்தாம் முடிவு கூறினார்: "உங்க அத்தா எதையும் மூடி மறைச்சு வித்தவர் இல்லை. அந்தக் கார்லயும் அது வேண்டாம்." மணமகள் வாடகை வண்டியில் சென்றாள். அன்று அவள் முகத்தில் தோன்றிய சிறு வாட்டத்தை நாம் மறைப்பதற்கில்லை.

மேஸ்திரியின் வேலை தவம் போன்றது. பழைய பூச்சைத் தேய்க்கத் தேய்க்க, மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல நிறங்கள் வெளிப்பட்டன: பச்சைக்குக் கீழே சாம்பல், அதற்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே செந்நிறப் பிரைமர். இற்றுப்போன தகட்டை அறுத்தெடுத்துப் புதுத்தகடு பற்றவைத்தனர். பிரைமர் அடித்து, மெல்லிய பட்டி பார்த்து, அதன்மேல் கருநிறத்தைப் புகைபோலத் தூவி, உப்புத்தாளால் தேய்த்தனர். மேடு வெளுத்தது, பள்ளத்தில் மட்டும் கருமை தங்கியது. கண்ணுக்குப் புலப்படாத குறையை அக்கருமை காட்டிக்கொடுத்தது. பின்னரும் மேஸ்திரி ஒரு துணியை இடையில் வைத்து, கண்மூடி, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

நாம் தேர்ந்தது 1920களில் அமெரிக்காவில் பரவி, நம் பட்டறைகளில் இன்றும் 'டியூகோ' என வழங்கும் பழைய நைட்ரோசெல்லுலோஸ் வகைப் பூச்சு. தின்னர் விரைந்து ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பின் அது அங்கே படிந்து, பூச்சு வெண்மையாகப் பூத்துவிடும். ஆதலால் வடகிழக்குப் பருவமழை ஓயும் வரை அவர் ஸ்பிரே துப்பாக்கியைத் தொடவில்லை. தை பிறந்தபின் அடித்தார். ஒவ்வோர் அடுக்கும் உலர்ந்தபின், 800, 1500, 2000 என எண் ஏற ஏற மென்மை மிகும் நீர்த்தாள்களால் தேய்த்து, கம்பவுண்டு இட்டு மெருகேற்றினார்.

குரோம் வேலையும் இதே பாடத்தைப் புகட்டியது. பம்பரில் நாம் காணும் பளபளப்பு பெரும்பாலும் குரோமியத்தால் வருவதன்று. எஃகை மெருகிட்டு, செம்பு பூசி, அதன்மேல் நிக்கல் பூசுவர். ஒளியைத் தருவது அந்த நிக்கலே. இறுதியாகப் பூசும் குரோமியப் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவானது. அது கீழுள்ள ஒளியைக் காத்து நிற்கும் காவலாள். அடியில் தேய்ப்புச் சரியில்லையெனில், மேலுள்ள முலாம் அக்கீறலையே பளிச்சிடச் செய்யும்.

ஆறு பீடிங்குகளில் ஒன்று காணாமற் போயிருந்தது. தந்தையார் தனியே செய்வித்தது ஆதலால் கடையில் அதற்கு இணை கிடைக்கவில்லை. போலியாக ஒன்று செய்து பொருத்தலாம் என்றனர். நமக்குப் புறநானூறு நினைவுக்கு வந்தது. 1894இல் அந்நூலை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர், சுவடியில் சிதைந்த இடங்களைத் தம் சொற்களால் நிரப்ப முற்படவில்லை. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவற்றின் எண்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. அவ்வாறே அந்த இடத்தையும் வெறுமையாக விடச் சொன்னோம். ஓட்டுநர் பக்கக் கதவின் மேல்விளிம்பில் தந்தையாரின் முழங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்த பகுதியிலும் புதுநிறம் ஏற்றாமல், துருப்பிடியாதிருக்க நிறமற்ற லாக்கர் மட்டும் பூசுவித்தோம்.

வேலை மாசியில் முடிந்தது. தாய்வீடு வந்த மருமகள் வண்டியைச் சுற்றிவந்தாள். பச்சையின் ஒளியைக் கண்டு மகிழ்ந்தவள், அந்தத் தேய்ந்த விளிம்பருகே வந்ததும் நின்று, அதன்மேல் தன் கையை வைத்தாள். "இதை அப்படியே விட்டது நல்லது மாமா" என்றாள். அவ்வொரு சொல் நம் மனப்பாரத்தை இறக்கியது.

மாணவச் செல்வங்கள் இனிப் பழம்பாடல் ஒன்றைப் பதிப்பிக்கலாம். பாட்டனார் வீட்டைப் பழுது பார்க்கலாம். ஒரு நிறுவனத்தின் பொறுப்பையும் ஏற்கலாம். எங்கும் நாள் குறித்து அவசரப்படுத்துவோர் இருப்பர். அப்போது முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தகட்டின் ஓசை பொய் சொல்லாது.