முதுகெலும்பின் முறையீடு

உழைப்பாளரை நாட்டின் முதுகெலும்பு என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவர்தம் முதுகெலும்பை எண்ணிப் பார்த்தோமா?

மூட்டை சுமக்கும் என் தந்தையாருக்கு இடுப்பு வலி கால்வரை இறங்கியபோது, “ஜவ்வு விலகிவிட்டது, இனிப் படுக்கைதான்” என்றனர் சுற்றத்தார். நான் நூல்களைப் புரட்டினேன்.

முள்ளெலும்புகளுக்கிடையே 23 வட்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் நீர் நிறைந்த கூழ். சுற்றிலும் நார் வளையம். பிதுங்கிய வட்டு நரம்பை அழுத்துவதே இவ்வலிக்குக் காரணம் என்று 1934-இல் மிக்ஸ்டர், பார் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். 1993-இல் ஓல்மார்க்கர் குழுவினர் பன்றியின் நரம்பு வேர்மீது அக்கூழை அழுத்தாமலே வைத்தனர். அப்போதும் நரம்பு பழுதுற்றது! அழுத்தத்தோடு அழற்சியும் குற்றவாளியே. சிதையும் வட்டின் செல்கள் இன்டர்லூக்கின் முதலிய பொருள்களைச் சுரக்கின்றன. அவை தூண்டும் நொதிகள், வட்டில் நீரைத் தேக்கும் புரதத்தை அரிக்கின்றன.

ஆயினும் அதே அழற்சியால் திரளும் விழுங்கணுக்கள், பிதுங்கிய துண்டைத் தின்று சுருக்குவதும் உண்டு. பலருக்குச் சில வாரங்களில் அறுவையின்றியே வலி தணிகிறது.

தோழர்களே! இயற்கை கேட்பது சில வாரங்கள்தாம். அன்றாடக் கூலிக்கு அந்த வாரங்களை யார் தருவார்? இவ்வினாவுக்கு எந்த நூலிலும் எனக்கு விடை கிட்டவில்லை.