உம்மா சொன்ன "எலும்பு அச்சாறு"



உம்மாவைப் பற்றி விசாரித்துக் கோல் எடுத்தவர்கள், வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள், துஆச் செய்தவர்கள் எல்லோருக்கும் முதலில் ஜஸாகுமுல்லாஹு ஹைரன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லக் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

அந்தக் கிழமை தரம் 10 பிள்ளைகளுக்கு என்பைப் பற்றிப் படிப்பிக்க இருந்தது. கல்வியியற் கல்லூரியில் நாங்கள் செய்து பார்த்த செயற்பாடு ஒன்று உண்டு. கோழிக்கால் எலும்பைச் சுத்தமாகக் கழுவி, வினாகிரி நிரப்பிய போத்தலுக்குள் ஒரு கிழமை வைத்தால் அது இறப்பர் மாதிரி வளையும். ஞாயிற்றுக்கிழமை சமைத்து மிஞ்சிய எலும்பைப் போட்டு, குசினித் தட்டில் வைத்தோம்.

உம்மாவுக்கு அந்த மணம் பிடிக்கவில்லை. "இதென்ன மகள், எலும்பு அச்சாறா?" என்று கேட்டுச் சிரித்தார். விளக்கிச் சொன்னதும், "அப்ப நெருப்புல போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் இன்னொரு எலும்பைச் சிரட்டைக் கரிக்குள் தள்ளிவிட்டார். ஆறிய பிறகு எடுத்தால் எலும்பின் வடிவம் அப்படியே இருந்தது. விரலால் அழுத்தியதும் பொடியாகிப் போனது.

படிப்பிக்க வேண்டிய பாடத்தில் பாதி அந்த இரண்டு எலும்புகளிலும் இருந்தது. என்பு இரண்டு பொருட்களால் ஆனது. ஒன்று கொலாஜன் என்ற புரத நார். மற்றது கல்சியம் பொசுபேற்று உப்பு. வினாகிரி உப்பைக் கரைத்துவிடும், நார் மட்டும் மிஞ்சும். அதனால் வளைகிறது. நெருப்பு நாரை எரித்துவிடும், உப்பு மட்டும் மிஞ்சும். அதனால் நொறுங்குகிறது. "வீட்டுக்குக் கம்பியும் சீமெந்தும் மாதிரி" என்றார் உம்மா. வகுப்பில் சொல்வதற்கு அதைவிட நல்ல உதாரணம் எங்களிடம் இருக்கவில்லை.

வியாழக்கிழமை ஸுப்ஹுக்கு வுழூச் செய்யப் போன உம்மா, குளியலறை வாசலில் சறுக்கி விழுந்தார். பெரிய விழுகை இல்லை. நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்த மாதிரித்தான். "ஒண்டுமில்ல மகள், காலு சறுக்கின" என்றார். ஆனால் எழும்ப முடியவில்லை. இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அந்தக் கால் மற்றதைவிடக் கொஞ்சம் கட்டையாகவும் தெரிந்தது.

இங்கேதான் நாங்கள் பிழை விட்டோம்.

எங்கள் ஊரில் கை கால் முறிந்தால் முதலில் ஞாபகம் வருவது முறிவுக்கு எண்ணெய் கட்டும் பரியாரியார்தான். நானாவுக்குச் சின்ன வயதில் கை முறிந்தபோது அப்படிக் கட்டித்தான் சுகமானது. மாமா சொன்னார், சாச்சி சொன்னார், உம்மாவும் ஒப்பரேஷனுக்குப் பயந்து அதையே விரும்பினார். மூன்று நாட்கள் எண்ணெயும் கட்டுமாகப் போனது. வீட்டில் ஒரு விஞ்ஞான ஆசிரியை இருந்தும், பாதம் திரும்பி, கால் கட்டையாகிக் கிடப்பது தொடை எலும்பின் கழுத்து முறிந்ததற்கான அடையாளம் என்பது தோன்றவில்லை. 206 என்புகளைப் பற்றிப் படிப்பிக்கிறோம். கண்ணுக்கு முன்னால் முறிந்து கிடந்த ஒன்றைக் காணவில்லை.

வைத்தியசாலையில் எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "விழுந்து எத்தனை நாள்?" என்பதுதான். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். படுத்தே கிடந்ததில் உம்மாவின் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. அது சரியாகும் வரை ஒப்பரேஷன் இன்னும் பிந்தியது. அந்த நாட்களில் நாங்கள் பட்ட பயத்தை எழுத முடியாது.

நானாவின் கை சுகமானது, உம்மாவின் கால் ஏன் அப்படிச் சுகமாகாது? இதை எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

எலும்பு உயிரில்லாத தடி அல்ல, உயிருள்ள இழையம். அதற்குள் இரத்தம் ஓடுகிறது. பழைய என்பை அரித்தெடுக்கும் கலங்களும் புதிதாகக் கட்டும் கலங்களும் இரவு பகலாக வேலை செய்கின்றன. வளர்ந்த ஒருவரின் என்பில் ஏறத்தாழ 10 வீதம் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்படுகிறது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறையும், பிறகு மெதுவான கசியிழையம் வளரும், அதன் பிறகு அது கடினமான என்பாக மாறும். இவ்வளவுக்கும் இரத்தம் வேண்டும். சின்னப் பிள்ளையின் கையில் அது தாராளமாக இருக்கிறது. எலும்பைச் சுற்றியுள்ள உறையும் தடிப்பானது, உயிர்ப்பானது. தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் போவதோ பெரும்பாலும் அந்தக் கழுத்து வழியாகத்தான். கழுத்து முறிந்து விலகினால் அந்தப் பாதையும் அறுந்துவிடும். எண்ணெயோ கட்டோ அதைத் திருப்பிக் கொண்டுவராது. உம்மாவுக்கு அந்த உருண்டைத் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்தினார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியாக முடிந்தது.

லீவு முடிந்து வகுப்புக்குப் போனபோது போத்தலையும் கொண்டுபோனோம். பிள்ளைகள் எலும்பை வளைத்து வளைத்துப் பார்த்தார்கள். பின்வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளை, அதிகம் பேசாதவள், கேட்டாள்: "டீச்சர், உங்கட உம்மாட எலும்பு இதுல எந்த மாதிரி? வளையிறதா, நொறுங்கிறதா?"

உண்மையில் இரண்டுமில்லை. வயதாகித் தேயும் எலும்பில் கம்பியும் குறைகிறது, சீமெந்தும் குறைகிறது. கன்டீனிலிருந்து ஒரு துண்டுப் பாண் எடுத்து வரச் சொன்னோம். வெளியே தெரியும் கரை இறுக்கமான என்பு. உள்ளே துளை துளையாக இருப்பது கடற்பஞ்சு போன்ற என்பு. முப்பது வயதளவு வரை அந்தப் பாண் இறுக்கமாக இருக்கும். பிறகு கட்டுவதைவிட அரிப்பது கூடும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு அது இன்னும் வேகமாகும். துளைகள் பெரிதாகும், கரை மெலியும். முறியும் வரை நோவே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் அதே உம்மாதான்.

வீட்டுக்கு வந்து யோசித்தோம். எங்கள் எல்லோருக்கும் மீனைப் போட்டுவிட்டு மிஞ்சிய ஆணத்தோடு சாப்பிட்டவர் உம்மா. எங்களுக்குப் பால் தேத்தண்ணி, அவருக்குப் பிளேன்டி. கடைசிப் பத்து வருடமாக வெயில் படும்படி வெளியில் இருந்ததும் குறைவு. தேய்மானத்துக்கு இது மட்டும்தான் காரணம் என்று சொல்லவில்லை. வயதும் பரம்பரையும் உண்டு. ஆனாலும் எங்கள் எலும்பு இறுகிய காலத்தில் அவருடைய கோப்பையில் என்ன இருந்தது என்று நாங்கள் ஒருநாளும் பார்க்கவில்லை.

இப்போது வோக்கரைப் பிடித்து முன்வாசல் வரை நடக்கிறார். கதிரையில் இருந்து தொழுகிறார். ஸுஜூதுக்கு நெற்றியை நிலத்தில் வைக்க முடியவில்லை என்று முதல் நாள் அழுதார். பிறகு அவராகவே சொன்னார்: "ஸகரிய்யா நபியும் எலும்பு பலவீனமாப் போச்சிண்டுதானே அல்லாஹ்ட்ட முறையிட்டாங்க. நான் எந்த மூலைக்கு?"

எங்கள் அனுபவத்தில் இருந்து சில வேண்டுகோள்கள். வயதானவர் விழுந்து எழும்ப முடியாமல் கிடந்தால், பாதம் திரும்பியிருந்தால், தடவாமல், இழுக்காமல், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். யார் என்ன சொன்னாலும் முதலில் எக்ஸ்ரே. குளியலறையில் சறுக்காத விரிப்பும் சுவரில் ஒரு கைபிடியும் போடுங்கள். இரவில் ஒரு லைட்டை எரிய விடுங்கள். கைபிடி நாங்கள் இப்போதுதான் போட்டோம். நெத்தலி, முருங்கை இலை, குரக்கன், எள்ளு எல்லாம் எங்கள் சந்தையிலேயே கிடைக்கும் கல்சியம். வளரும் பெண் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். கொஞ்சம் வெயிலிலும் நடக்க விடுங்கள். உம்மாமாரின் கோப்பையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

வினாகிரிப் போத்தல் இன்னும் குசினித் தட்டில்தான் இருக்கிறது. "அந்த அச்சாற எறிங்க மகள்" என்று உம்மா தினமும் சொல்கிறார். அவர் அப்படி ஏசுவதைக் கேட்கவே எறியாமல் வைத்திருக்கிறோம்.

உம்மாவுக்காகத் தொடர்ந்து துஆச் செய்யுங்கள்.